கை வைக்கும் முன்: கோழிக்கோட்டிலிருந்து கொச்சி வரை

ஜனவரி 14, புதன் – கோழிக்கோடு

போகியன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் மகளை எந்த அம்மா சிரித்த முகத்தோடு அனுப்புவார்? "பானை வைக்கிற அன்னைக்கு ஊர்ல இல்லாம அப்படி என்னடி வேலை?" என்று கேட்டுக்கொண்டேதான் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். நான் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைப்பது பொங்கலுக்குத்தான்.

வேலை இதுதான். எங்கள் ஸ்கில் லேபில் ஒரு பொம்மை படுத்திருக்கிறது. நோயாளியைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட முதலாண்டுப் பிள்ளைகள் அதன்மேல்தான் பழகுகிறார்கள். கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பது, ஒரு கையைத் துடைக்கும்போது மற்ற உடம்பைப் போர்வைக்குள் வைப்பது, தண்ணீர் ஆறியதும் மாற்றுவது என்று எல்லாவற்றையும் அழகாகச் செய்வார்கள். அப்புறம் வார்டுக்குப் போவார்கள். அங்கே ஒரு பெரியவர் வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிள்ளை பேசினும் கையுமாக விழித்துக்கொண்டு நிற்கும். பொம்மை ஒருநாளும் "வேண்டாம்" என்று சொன்னதில்லையே.

மருத்துவப் படிப்புக்குள் நடிப்பு வந்து பல காலமாகிறது. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாடலாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து நோயாளியாக நடிக்க வைத்தார். மாணவர்கள் அவரைப் பரிசோதித்தார்கள். பரிசோதித்த விதத்துக்கு மதிப்பெண் கிடைத்தது. இன்று பல நாடுகளில் அது வழக்கமான தேர்வுமுறை. ஆனால் அங்கே நடிக்கப்படுவது நோய். தொடப்படுவது எப்படி இருக்கும் என்பதையே நடுவில் வைத்து யாராவது நிகழ்த்திக் காட்டுகிறார்களா என்று ஒரு நாடகக்காரத் தோழியிடம் கேட்டேன். வளைகுடாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் கொச்சியில் அதைத்தான் செய்கிறார், ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இருக்கிறது என்றாள். கோழிக்கோட்டில் என்னோடு படித்தவள் ஒருத்தி வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

பாலக்காட்டுக் கணவாயில் ஜனவரிக் காற்று ஜன்னலைப் பிடுங்கி எறிகிற மாதிரி அடித்தது. எதிரில் ஒரு தந்தையும் மகனும். அப்பாவுக்குக் கை நடுக்கம். மகன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பாட்டிலுக்கு அடியில் தன் கையைத் தொடாமல் ஏந்தியபடியே வைத்திருந்தான். அவர் குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. சட்டை கொஞ்சம் நனைந்தது. இரண்டு பேரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் மிட்டாய்த் தெரு. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடைக்காரர் அல்வாவை ஒரு துண்டு வெட்டிக் கையில் வைத்துவிடுகிறார். கருப்பட்டி நிறத்தில் பளபளக்கும் கறுப்பு அல்வா கால் கிலோ 60 ரூபாய். கடற்கரையில் உப்பிலிட்ட அன்னாசியும் நெல்லிக்காயும் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நின்றன. இருட்டிய பிறகும் புழுக்கம் குறையவில்லை. எலுமிச்சை பிழிந்த சுலைமானி குடித்ததும்தான் தலை தெளிந்தது.

ஜனவரி 15, வியாழன் – கோழிக்கோடு

இன்று கேரளத்தில் பாலியேட்டிவ் கேர் தினம். தீராத நோயில் கிடப்பவரின் வலியையும் துன்பத்தையும் தணிக்கிற பராமரிப்புக்குத்தான் அந்தப் பெயர். பேருந்து நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை நீட்டினார்கள். கூலி வேலைக்குப் போகிற ஒருவர் மடித்துக் கட்டிய லுங்கிக்குள்ளிருந்து 20 ரூபாய்த் தாளை எடுத்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனார்.

இந்த ஊரில்தான் 1993-ல் மருத்துவக் கல்லூரியை ஒட்டி ஒரு சிறு வலி நிவாரண அமைப்பு தொடங்கியது. மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் அதன் முன்னோடிகள். தொண்ணூறுகளின் முடிவில் மலப்புரத்தில் அது மருத்துவர்களின் கையை விட்டு இறங்கி அக்கம்பக்கத்தாரின் வேலையாகவே ஆயிற்று. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் எல்லாரும் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை அறிவித்தது. இந்தியாவில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். இப்போது பஞ்சாயத்துதோறும் வீட்டுக்கு வரும் செவிலியர் இருக்கிறார்.

என்னோடு படித்த தோழியின் ஜீப்பில் ஓட்டுநர், தொண்டர் ஒருவர், நான். நான் எதையும் தொடக் கூடாது. வீட்டார் ஒத்துக்கொண்டால் மட்டும் உள்ளே வரலாம். அவள் போட்ட நிபந்தனை. ஒரு வீட்டில் வேண்டாம் என்றார்கள். வாசலில் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு உம்மா. மார்பில் புற்று, புண் திறந்துவிட்டிருக்கிறது. அந்த மாதிரிப் புண் உள்ள அறையில் நோயாளியை முதலில் தனிமைப்படுத்துவது வாடைதான். பேரப்பிள்ளைகள் கிட்டே வர மாட்டார்கள். நோயாளியே வராதே என்று சொல்லிவிடுவார். தோழி உள்ளே போனதும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பையைத் திறக்கவில்லை. உம்மா கோழிகளைப் பற்றிப் பேசினார், மருமகளைப் பற்றிக் குறை சொன்னார், மருமகள் கதவருகில் நின்று சிரித்தார். அப்புறம்தான் தோழி கேட்டாள்: "இன்னு செய்யட்டே, உம்மா?" உம்மா கொஞ்சம் யோசித்தார். சாயா குடித்துவிட்டுச் செய்யலாம் என்றார்.

சரி என்று எல்லாரும் சாயா குடித்தோம். ஜீப்புக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. இருபது நிமிடம் போயிற்று. பிறகு புண்மேல் இருந்த பழைய கட்டுத்துணியை உப்புநீரில் ஊறவைத்து இழை இழையாகப் பிரித்தாள். மெட்ரோனிடசோல் மாத்திரைகளை நுணுக்கிப் பொடியாக்கிப் புண்ணில் தூவினாள். வாடையை உண்டாக்கும் கிருமிகளை அது அடக்கும்; விலையும் குறைவு. புதுத் துணியை வைத்து முடிக்கும்வரை உம்மாவின் கண் அவள் முகத்தைவிட்டு அகலவில்லை. அவள் முகம் சுளிக்கிறதா என்றுதான் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. சுளிக்கவில்லை. முடிந்ததும் உம்மா அவள் தாடையைப் பிடித்து, "மோள் வல்லதும் கழிச்சோ?" என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று.

ஜோன் ட்ரோன்டோ என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் 1993-ல் பராமரிப்பை நான்கு கட்டமாகப் பிரித்து எழுதினார். ஒரு தேவை இருப்பதைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பு எடுப்பது, கையால் செய்வது, கடைசியாகப் பெறுகிறவர் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று பார்ப்பது. வகுப்பில் முதல் மூன்றை நடத்த எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. நான்காவதற்கு இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இன்று நான் பார்த்த வேலையில் பாதிக்குமேல் அந்த நான்காவதுதான். சாயாவுக்குக் காத்திருந்த இருபது நிமிடமும் சிகிச்சையில் சேர்ந்தது என்று அடித்துச் சொல்வேன்.

மதியம் தொண்டரின் வீட்டில் நெய்ச்சோறும் கோழிக்கறியும். காசைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. தோழி ஒப்பந்த ஊழியர். சம்பளம் எவ்வளவு என்று என்னிடம் சொன்னாள், எழுத வேண்டாம் என்றும் சொன்னாள். எழுதவில்லை.

இதே மாவட்டத்தில்தான் பேராம்பிரா இருக்கிறது. அங்கே தாலுகா மருத்துவமனையில் வேலை பார்த்த லினி, 2018 மே மாதம் நிபா வைரஸ் தொற்றிய நோயாளியைக் கவனித்ததில் தானும் தொற்றுக்கு ஆளாகி 21-ஆம் தேதி இறந்துபோனார். தனி அறையிலிருந்து கணவருக்கு எழுதிய சிறு கடிதத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். படித்துவிட்டு அவரைத் தேவதை என்று சொல்வதில்லை. பாதுகாப்பு உடையைப் பற்றியும் தொற்றைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற வசதியைப் பற்றியும் பேசுவோம். அதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி – பரச்சினிக்கடவு

கண்ணூருக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. வளபட்டணம் ஆற்றங்கரையில் முத்தப்பன் கோயில். தெய்யம் என்பது வேடம் கட்டியவர் தெய்வமாகவே நின்று ஆடும் வழிபாடு. வடமலபாரில் மற்ற தெய்யங்கள் பருவத்துக்குத்தான் ஆடும்; இங்கே அநேகமாக எல்லா நாளும் முத்தப்பன் எழுந்தருளுகிறார். சாதி மதம் கேட்பதில்லை. நாய்கள் இஷ்டம்போல் உள்ளே திரிகின்றன, அவற்றையும் விரட்டுவதில்லை. போனதும் வேகவைத்த பயறும் தேங்காய்த் துண்டும் சூடான சாயாவும் கொடுக்கிறார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. காலையில் கண்ணூர் ஸ்டேஷன் பக்கத்தில் 90 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்ட ஆறிப்போன புட்டையும் கடலையையும் இந்தப் பயறு மறக்கடித்துவிட்டது.

ஆட்டம் ஒரு பங்குதான். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கத்தான் வந்தேன். ஆடி முடித்த முத்தப்பன் நின்று, வரிசையில் வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு பேசுகிறார். எனக்கு முன்னால் ஒரு பெண். அவர் ஏதோ முணுமுணுத்தார், எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. முத்தப்பன் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அவர் கையை வைத்து மூடிக்கொண்டு, தலைச் சுமையோடு குனிந்து, காதை அவர் வாயருகில் கொண்டுபோனார். முகத்தில் எழுதிய சாயத்தின்மேல் வியர்வை ஓடியது. தாடையிலிருந்து சொட்டியதைத் துடைக்கக்கூட ஒரு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் பேசி முடித்துக் கையை இழுத்துக்கொண்ட பிறகுதான் அவர் பிடி தளர்ந்தது. அடுத்த ஆள் வந்தார், மறுபடி அதே குனிதல். இதை நடிப்பு என்பதா, கலை என்பதா, வழிபாடு என்பதா என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வார்டு நர்சாக நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த உடல்மொழி முழுவதும் அதில் இருந்தது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. தெய்யம் கட்டுகிறவர்கள் வண்ணான், மலையன், வேலன் போன்ற, மேல்சாதியார் தள்ளி வைத்திருந்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள். தெய்வத்தின் முடியைத் தலையில் தரித்திருக்கும்வரை அவர் கையைப் பிடித்து அழுகிறவர்கள், முடியை இறக்கியதும் அதே கைக்கு என்ன மதிப்புக் கொடுத்தார்கள் என்பதை வரலாறு சொல்லும். பராமரிக்கிற கையைக் கும்பிடுவது சுலபம். கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாடே மாடியில் நின்று எங்களுக்காகக் கைதட்டியது. அதற்கு அடுத்த வாரங்களில்தான் செவிலியர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

நியூயார்க்கில் மியர்ல் லேடர்மன் யூகலிஸ் என்ற கலைஞர் 1979, 80-ல் செய்தது இதற்கு நேர்மாறு. நகரத்தின் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களையும் அவரவர் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து நன்றி சொன்னார். அதை முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. தூரத்திலிருந்து தட்டும் கைக்கும், கிட்டே போய்ப் பிடிக்கும் கைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கோயில் படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆற்றுக்காற்று இதமாக இருந்தது. ஒரு நாய் என் பயறில் பங்கு கேட்டு வந்தது, கொடுத்தேன்.

ஜனவரி 17, சனி – வழியில்

இன்று சொல்லும்படி நடந்தது ஒரு சுளுக்கு.

நான் இறங்கி ஒரு கால் தரையில் பட்டதும் படாததுமாகத் தனியார் பேருந்து ஒன்று நகர்ந்துவிட்டது. வலது கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நிறுத்தத்தில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பெண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி பெஞ்சில் வைத்தார்கள். ஒரு பெரியவர் "இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று குதிகாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். யாரோ தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார்கள். வேண்டாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது, நான் நர்ஸ் என்று தமிழிலும் எனக்குத் தெரிந்த மலையாளத்திலும் சொன்னேன். "பேடிக்கண்டா சேச்சி" என்று தைரியம் சொல்லிக்கொண்டே தேய்த்தார்கள். உயிர் போய் வந்தது. அத்தனை பேர் முகத்திலும் அவ்வளவு கரிசனம். கையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டோக்காரர் மருந்துக்கடைவரை கொண்டுபோய்விட்டு, நீட்டிய 30 ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். கிரேப் பேண்டேஜ் 160 ரூபாய். ஐஸ் கேட்டேன், பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு பாலித்தீன் பை நிறையக் கொடுத்தார்கள். நானே கட்டிக்கொண்டேன்.

ரயிலில் காலைப் பையின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு கொச்சிவரை. ஜன்னலில் வெயில் உறைத்தது. மரினா அப்ரமோவிச் 1974-ல் நேப்பிள்ஸ் நகரில் செய்த நிகழ்வு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. மேசைமேல் 72 பொருட்கள். ரோஜா, இறகு, தேன், கத்தரிக்கோல், கத்தி, தோட்டாவோடு துப்பாக்கியும். ஆறு மணி நேரம் அசையாமல் நிற்பேன், இவற்றில் எதை வைத்தும் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அறிவித்துவிட்டு நின்றார். தொடக்கத்தில் கூச்சத்தோடு தொட்டவர்கள் போகப்போக உடையை வெட்டினார்கள், தோலைக் கீறினார்கள். துப்பாக்கிகூட அவர் கழுத்துக்கு வந்தது. நேரம் முடிந்து அவர் நடக்கத் தொடங்கியதும் கூட்டம் முகத்தைப் பார்க்க முடியாமல் விலகி ஓடியதாக அவர் பிறகு சொன்னார்.

மாணவர்களுக்கு இதைச் சொல்வதா வேண்டாமா என்று பலமுறை தயங்கியிருக்கிறேன். ஐசியுவில் மயக்கத்தில் கிடக்கிறவரும் அசையாமல்தான் இருக்கிறார். அவரைச் சுற்றியும் தட்டுகளில் பொருட்கள் இருக்கின்றன, வருகிறவர் போகிறவர் எல்லாரும் கை வைக்கலாம். அங்கே அவரைக் காப்பது கை வைக்கிறவரின் மனசாட்சியும் பயிற்சியும் மட்டும்தான். பேருந்து நிறுத்தத்தில் என்னைத் தொட்டவர்களை நேப்பிள்ஸ் கூட்டத்தோடு சேர்க்க மாட்டேன், அது பாவம். அவர்கள் நல்லவர்கள். இருந்தாலும் என் வாய் திறந்திருந்தது, சொல் வெளியே வந்தது, எந்தக் காதிலும் ஏறவில்லை. பேச்சு வராதவர்களின் நிலை எப்படி இருக்கும்?

ஜனவரி 18, ஞாயிறு – ஃபோர்ட் கொச்சி

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஆறு ரூபாய்க்கு ஃபோர்ட் கொச்சி வந்துவிடலாம். இறங்கியதும் எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடுகிறது. எலுமிச்சை சோடா 40 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இங்கே நடத்தப்படும் பெரிய கலைக் கண்காட்சியான பியன்னாலே நடக்கும் சமயம். இந்த முறை அதை ஒழுங்கு செய்பவரே ஒரு நிகழ்த்துகலைஞர்தான், நிகில் சோப்ரா, கோவாவின் ஹெச்ஹெச் ஆர்ட் ஸ்பேசஸ் குழுவோடு சேர்ந்து. கணுக்கால் ஒத்துழைக்காததால் இரண்டு அரங்குக்கு மேல் பார்க்க முடியவில்லை.

நான் தேடி வந்த நிகழ்ச்சி பியன்னாலேயில் சேர்ந்ததில்லை. நாலு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டு மாடி. மரப்படி செங்குத்து. கீழே நின்ற பெண் என் காலைப் பார்த்துவிட்டு, "கை தரணோ, தனியே கேறுமோ?" என்றாள். தனியாகவே ஏறினேன். அவள் இரண்டு படி பின்னால் வந்தாள்.

மேலே ஓர் இரும்புக் கட்டில், வெள்ளை விரிப்பு, தண்ணீர் இல்லாத எவர்சில்வர் பேசின், துண்டு, சுவர்க் கடிகாரம். நாடகக்காரத் தோழி சொன்ன அந்த ஓய்வு பெற்ற செவிலியர், அறுபதைத் தாண்டிய அம்மா, சாதாரணச் சுடிதாரில் இருந்தார். யூனிஃபார்ம் போடவில்லை. விதியைச் சொன்னார்: விரும்புகிறவர் ஒருவர் படுக்கலாம். இருபது நிமிடம். தொடும் முன் ஒவ்வொரு முறையும் கேட்பேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்க மாட்டேன். யாரும் படம் எடுக்க வேண்டாம்.

நான் படுத்தேன். கீழே படுத்துப் பார்த்தால் நர்ஸின் முகம் வேறாக இருக்கிறது. தாடையும் மூக்குத் துவாரமும் மேலே விட்டமும்தான் தெரிகின்றன. இதைப் பாடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். முதுகு விரிப்பில் பட்டபோதுதான் உடம்புக்குப் புரிந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் என் முகத்துக்கு நேரே வந்தது.

"இந்தக் கட்டு யார் போட்டது?"

"நான்தான்."

"நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். அவிழ்த்துப் பார்க்கட்டுமா, இப்படியே இருக்கட்டுமா?"

பாருங்கள் என்று உடனே சொன்னேன். அவர் கை நகரவில்லை. "அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். யோசித்தபோதுதான் தெரிந்தது, அவிழ்ப்பதில் எனக்கு விருப்பமே இல்லை. அவர் நல்லபடியாகக் கேட்டாரே என்பதற்காகத் தலையாட்டிவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது எத்தனை பேர் இப்படித் தலையாட்டுகிறார்கள்? டாக்டர் கோபப்படுவார், சிஸ்டர் வருத்தப்படுவார் என்று எத்தனை பேர்? இப்படியே இருக்கட்டும் என்றேன். "சரி" என்றார். துண்டை விரித்து, கேட்டுவிட்டு, என் முன்கையைத் தோள்பக்கமாக நீண்ட இழுப்பில் துடைத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் விரல் நுனிகள் தோலில் லேசாகப் பட்டு நின்று, அப்புறம்தான் கை முழுவதும் வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி. கண்ணில் தண்ணீர் முட்டியது. மறைக்கவில்லை.

எனக்குப் பிறகு எழுபது வயதிருக்கும் ஒருவர் படுத்தார். கையைத் தொடலாமா? வேண்டாம். தலையணையைச் சரிசெய்யட்டுமா? வேண்டாம். போர்வை? வேண்டாம். அந்த அம்மா துண்டை மடித்து வைத்துவிட்டு, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கை மடியில். கடிகாரத்தில் இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருவர் இருமினார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அந்த அம்மா எங்கும் பார்க்கவில்லை, முகத்தில் மனத்தாங்கலும் இல்லை. வேலையில் இருக்கிறவரின் முகம் அது. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாகக் கட்டிலுக்கு வந்தபோது பெரியவர், "ஆ ஜனல் ஒன்னு அடைக்காமோ?" என்றார். அந்த அம்மா எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நேரம் முடிந்தது. பெரியவர் எழுந்து, கைகூப்பி, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த நர்ஸிங் செயல்முறைகளில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை. மறுப்பை வாங்கிக்கொண்டு, கோபித்துக்கொண்டு போகாமல், வற்புறுத்தாமல், அவர் கேட்கப்போகிற அந்த ஒன்றுக்காகப் பக்கத்திலேயே இருப்பது.

பேச்சு நேரத்தில் ஒரு இளைஞர், நீங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்கிறீர்கள், அப்படியானால் இந்த அன்பு உண்மையா என்று கேட்டார். "ஆஸ்பத்திரியிலும் சம்பளம் வாங்கினேன். சம்பளம் சரியாக வந்த மாதங்களில் என் கை இன்னும் பொறுமையாக இருந்தது" என்றார். கேரளத்தில் 2017 ஜூலையில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் கேட்டுப் போராடி, அரசு அதை ஏற்றுக்கொண்ட பிறகே ஓய்ந்தார்கள். சேவைக்கு வந்தவர்கள் காசு கேட்கலாமா என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு சின்னப் பெண் எழுந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறதாம். "இருபது நிமிடம் ஒருவருக்கா? என் வார்டில் அது நடக்காது" என்றாள். குரல் தடித்திருந்தது. அவள் சொல்வது நியாயம். பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்கு வைத்திருக்கிறது. அதை இரவுப் பணியில் கண்ணால் கண்டவர்களை எண்ணிவிடலாம். நிகழ்த்திய அம்மா அவளுக்குச் சமாதானம் சொல்ல முயலவில்லை. "நடக்காது என்பதை உன் மேலிடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே வந்து படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றுதான் கட்டிலைப் போட்டிருக்கிறேன்" என்றார். இதுவரை எந்த நிர்வாகியும் படுக்கவில்லையாம்.

படகுத்துறைக்கு அந்தப் பெண்ணும் நானும் ஒரே ஆட்டோவில் வந்தோம். அவளுக்கு இரவுப் பணி. எத்தனை கட்டில் என்று கேட்டேன். 34, நாங்கள் இரண்டு பேர் என்றாள். இன்று என்ன செய்வாய் என்றேன். கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணினாள். "மூணு பேர்கிட்ட உட்கார்ந்து கேட்க முடியும், டீச்சர். மத்தவங்களுக்கு என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டு, வேண்டாம்னு சொல்ற அளவுக்காவது நின்னுட்டுச் செய்வேன்."

அந்த மூன்று பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று படகு வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு வராதவர்களிலிருந்து தொடங்கு என்றேன் நான். வாயால் கேட்க முடியாதவர்கள் கண்ணாலோ விரலாலோ பதில் சொல்ல நேரம் ஆகும், அதனால் அவர்களுக்குத்தான் முதலில் நேரத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. அவளுக்கு அது ஒப்பவில்லை. புதிதாக அன்று சேர்ந்தவர்கள்தான் முதல் என்றாள். முதல் இரவு எப்படித் தொடப்பட்டார்களோ அதை வைத்துத்தான் மீதி நாளெல்லாம் எங்களை நம்புகிறார்கள் என்றாள். முடிவாகவில்லை. நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன், காலையில் பணி முடிந்ததும் யார் அந்த மூன்று பேர் என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.